பாலையில் ஓர் ஆற்றுக் கல்

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு நாற்பத்தெட்டு. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். அந்தப் பட்டறையில் எல்லாரும் முதல் வாரமே சிரித்து முடித்துவிட்டார்கள்.

பட்டறை என்றதும் உலையையும் சம்மட்டியையும் தேட வேண்டாம். கோயம்புத்தூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், வரிசையாகக் கணினிகள். அங்கே ஓர் உலகம் செய்துகொண்டிருந்தார்கள். ஏழ்புலம் என்று அதற்குப் பெயர். ஏழு நாடுகள் கொண்ட கற்பனை உலகம். கணினியில் விளையாடுகிறவர்கள் ஒரு வழிப்போக்கனாக அதற்குள் நுழைந்து, மலை ஏறலாம், பூதங்களோடு மல்லுக்கட்டலாம், சந்தையில் பேரம் பேசலாம், சும்மாவும் அலையலாம்.

அந்த உலகத்தின் மண்ணும் மலையும் வானமும் கோகிலவாணியின் பொறுப்பு. அவள் எதையும் நேராகச் சொல்லித்தர மாட்டாள். கேட்ட கேள்விக்கு வேறொரு கேள்வி கேட்பாள், இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவாள். அதனால் கேலியாகக் குரு என்று பெயர் வைத்தார்கள். நாளாக நாளாகக் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சீடர் சென்னியப்பன். இங்கே வருவதற்கு முன் பல வருஷம், வீடு கட்டி விற்கிறவர்களுக்கு எலிவேஷன் படம் போட்டுக் கொடுத்தவர். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது போலக் காட்டும் படம். அதில் புல் எப்போதும் பச்சையாக இருக்கும். வெயில் எப்போதும் காலை பத்து மணி வெயிலாக இருக்கும். சுவரில் ஒரு கறையும் இருக்காது, ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் இன்னும் ஒரு நாள்கூட வாழ்ந்திருக்க மாட்டார்கள். அந்த வேலை அலுத்துப்போய், வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்ள, இந்தப் பட்டறையில் வந்து சேர்ந்தார். ஏழு நாடுகளில் வறண்ட நாட்டை அவரிடம் கொடுத்தார்கள். பொரிநிலம்.

இப்போது அந்தப் பொரிநிலத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாடு செய்து முடிந்ததும் ஷாகிரா அதில் நடப்பாள். பிழை பார்ப்பது அவள் வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்காருவாள். சாயங்கால டீ வருகிறவரை அவள் அந்த நாட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தால் நாடு பிழைத்தது. டீக்கு முன்னால் சலித்துப்போய் எழுந்துவிட்டால், திருத்திக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிடலாம். அப்போதும் எழுந்துவிட்டால் அந்த நாட்டை உலகத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். ஷாகிராவுக்கு யார் மேலும் பகை கிடையாது. யார் மேலும் தயவும் கிடையாது.

பொரிநிலத்தில் அவளுடைய முதல் நடை, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் முடிந்துவிட்டது.

“பாக்க அழகாத்தான் இருக்குதுங்ணா,” என்றாள். “ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. ஒரே ஒரு தப்பு கண்டுபுடிச்சேன். பாலைவனத்துல ஆத்துக் கல்லு கெடக்குது.”

சென்னியப்பன் குருவிடம் போய் நின்றார்.

“அம்மணி, ஒரு தப்புப் பண்ணிப்போட்டேனுங்க.”

கொங்கு நாட்டில் வயதில் சிறிய பெண்ணைப் பிரியமும் மரியாதையுமாக அம்மணி என்பார்கள். குருவையே அப்படிக் கூப்பிட்ட சீடர் வேறு எங்காவது இருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

“என்னுங்ணா?”

“பாதையில போட கல்லு வேணும்னு பொதுவுல செஞ்சு வெச்சிருக்கறதுல அள்ளிட்டு வந்தேனுங்க. அது வேற நாட்டு ஆத்தங்கரைக்குன்னு செஞ்ச கூழாங்கல்லுங்களாமா. நாஞ் சரியாப் பாக்கல. பாதை நீளத்துக்கும் தூவி வுட்டுட்டேன். இப்பவே எடுத்துடறேனுங்க. அஞ்சு நிமிச வேல.”

குரு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பொரிநிலத்துக்குள் போனாள். வெண்மணல். இரண்டு பக்கமும் தாழ்ந்த குன்றுகள். நடுவில் வளைந்து வளைந்து போகும் பாதை. அவள் வழிப்போக்கனைக் குனிய வைத்து ஒரு கல்லை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தப் பாதை ஏனுங்ணா இத்தன வளைவு?”

“நேராப் போனா அழகா இல்லீங்க.”

“இந்தக் கல்லு எப்புடி இவ்ளோ உருண்டையாச்சு?”

“செஞ்சவரு அப்புடிச் செஞ்சிருப்பாருங்க.”

“செஞ்சவர உடுங்க. இந்த நாட்டுல எப்புடி உருண்டையாச்சு?”

குரு கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

“கல்ல எடுக்க வேண்டாமுங்ணா. ஆத்தக் கூட்டிட்டு வாங்க.”

“பாலைவனத்துக்குங்களா?”

“இப்ப இல்ல. அப்போ.”

“எப்போங்க?”

அதற்குள் அவள் வேறு யாருடைய திரைக்கோ போய்விட்டாள்.

சென்னியப்பன் கெட்டிக்காரர். ஒரே வாரத்தில் ஆற்றைக் கொண்டுவந்துவிட்டார், அதாவது கதையாக. ஒரு கல்வெட்டுச் செய்து பாதையோரம் நட்டார். அதில் ஒரு கொடுங்கோல் அரசன் இருந்தான், அவனைச் சபித்த ஒரு முனிவர் இருந்தார், சாபத்தில் மண்ணுக்குள் மறைந்துபோன ஓர் ஆறும் இருந்தது. எழுதிவிட்டுத் தானே இரண்டு தடவை படித்து மெச்சிக்கொண்டார்.

குருவும் பொறுமையாகப் படித்தாள்.

“நல்லாருக்குதுங்ணா. இந்த ராசா காலத்துல ஆடி மாசம் காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சுதுங்க?”

“அதுங்களா... அது யோசிக்கலீங்க.”

“சாபத்துக்கு முந்தி ஆத்துல தண்ணி எந்த மாசம் வரும்?”

“ஆறுன்னா எப்பவும் தண்ணி வருமுங்களே.”

“உங்க ஊட்டுப் படத்துல எப்பவும் புல்லு பச்சையா இருக்கற மாதிரியா?”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. குரு திரையின் மூலைக்குப் போனாள். அங்கே அந்த உலகத்தின் நேரத்தையும் மாதத்தையும் மாற்றுகிற சிறிய முள் இருந்தது. பொரிநிலத்தில் அந்த முள் பத்து மணியில் நின்றிருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதே இல்லை.

“இங்க எப்பவும் மணி பத்துங்களா?” என்றாள் குரு. கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

வேலையை மாற்றிக்கொண்டோம், வெயிலை மாற்றிக்கொள்ளவில்லை என்று சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்வெட்டை அவரே பிடுங்கிப் போட்டார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் குரு அவரை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள்.

ஆடி மாதம். காற்று ஆளைத் தள்ளியது. பக்கத்து மாடியில் காயப்போட்ட போர்வை கொடியைவிட்டுப் பறக்கப் பார்த்தது. முகத்தில் பூப்போலச் சாரல் பட்டது.

“இந்தக் காத்து எங்கிருந்துங்ணா வருது?”

“மேக்கால இருந்துங்க. பாலக்காட்டுக் கணவாய்.”

“அந்தக் கணவாய் இல்லீன்னா?”

“மலை மறிச்சுக்குமுங்க. காத்தும் வராது, சாரலும் வராது.”

“அப்ப இந்த ஊரு எப்புடி இருக்கும்?”

சென்னியப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மேற்கே மேகம் மூடிய மலையைப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினார்.

விஷயம் இதுதான். பொரிநிலத்தின் மேற்கு எல்லையில் அவர் நெடுக மலைகளை நிறுத்தி வைத்திருந்தார். அதற்கு மேல் உலகம் இல்லை என்பது விளையாடுகிறவர்கள் கண்ணில் படக்கூடாது. அந்த விளிம்பை மறைக்கத்தான் மலை. உலகம் செய்கிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். ஓர் இடைவெளி விடாமல் சுவர் எழுப்பியது போல நிறுத்தியிருந்தார்.

தன் நாடு ஏன் வறண்டிருக்கிறது என்று அதைச் செய்தவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மலைத்தொடரின் நடுவில் ஓர் இடத்தைத் தாழ்த்தினார். அங்கே ஒரு கணவாய் உண்டாயிற்று. மலைகளுக்கு அப்பால் வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு கடலை வைத்தார். முள்ளைப் பத்து மணியிலிருந்து நகர்த்தினார். காற்று வீசவும், மேகம் கூடவும், சரிவு பார்த்து நீர் ஓடவும் அந்தக் கணினியில் வழி உண்டு. பொரிநிலத்துக்கு அது எதற்கு என்று இத்தனை நாள் மூடி வைத்திருந்தார். இப்போது திறந்துவிட்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கணவாயில் ஒரு சாம்பல் நிறம் தெரிந்தது. அது வளர்ந்தது. குன்றுகளின் நிழல் மறைந்தது. பொரிநிலத்தின் வெண்மணலில் ஒரு கரும்புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

மழை.

குன்றுகளிலிருந்து நீர் இறங்கியது. எங்கே போவதென்று தெரியாமல் தயங்கியது போலக் கொஞ்சம் தேங்கியது. பிறகு வழி கண்டுபிடித்தது. அழகுக்காக அவர் வளைத்து வளைத்துப் போட்டிருந்த பாதையில் இறங்கி, ஒவ்வொரு வளைவிலும் வளைந்து, ஓடத் தொடங்கியது. அவர் அதை அங்கே விடவில்லை. அதுவாகவே போனது. தவறிப்போய்த் தூவிய கூழாங்கற்கள், அவை எங்கே கிடக்க வேண்டுமோ அங்கே, தண்ணீருக்கு அடியில் கிடந்தன.

சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்தில் இருந்தவர் சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. தான் செய்த உலகத்தில், தான் செய்யாத ஒன்று நடப்பதை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பயமாகக்கூட இருந்தது.

அதன் பிறகு அவர் பல நாள் மழைக்காலத்திலேயே இருந்தார். கோயம்புத்தூரில் வெயில் அடித்தாலும் அவருக்கு அடைமழைதான். பொரிநிலத்துக்குக் காற்று மாதங்கள் உண்டு, வெள்ள மாதங்கள் உண்டு, நாணல் பூக்கிற பனிக்காலம் உண்டு, ஆறு இளைத்துக் கல் தெரிகிற கோடை உண்டு என்று ஒவ்வொன்றாகக் கண்டார். வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்த்தார். அப்படியானால் வீட்டு வாசலை அதற்கு மேலேதான் வைத்திருப்பார்கள். அக்கரைக்குப் போக ஓடம் வேண்டும். ஓடத்தை இழுக்கக் கயிறு வேண்டும். கயிற்றைக் கட்டக் கரையில் ஒரு பாறை வேண்டும். நீர் தன்னோடு மனிதர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது.

“மழ வருமாட்ட இருக்குதே,” என்று ஒரு நாள் காலையில் வீட்டில் சொன்னார்.

மனைவி சரசு வெளியே எட்டிப் பார்த்தாள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

“எங்கீங்க?”

“அங்க.”

சரசு அவருடைய நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஒரு நாள் அவர் குருவைக் கூப்பிட்டார். “அம்மணி, வந்து பாருங்க.”

குரு வந்து உட்கார்ந்தாள். திரையில் அந்த வருஷத்தின் முதல் வெள்ளம் வந்துகொண்டிருந்தது. முதலில் மலைப்பக்கமிருந்து சத்தம். பிறகு நுரை. சருகும் சுள்ளியுமாகச் செந்நீர். ஓடங்கள் கட்டுத்தறியில் துள்ளின. வெள்ளம் படியேறிப் படியேறி, வாசலுக்கு ஒரு படி கீழே வந்து நின்றது. வாசலில் உட்கார்ந்திருந்த ஒருத்தி காலைத் தொங்கவிட்டு நீரில் நனைத்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரனைப் பார்த்து, “கால் நனைஞ்சுதா?” என்று கத்தினாள். “நனைஞ்சுது, நனைஞ்சுது,” என்றான் அவன். சிரித்தார்கள்.

குருவின் கண் கலங்கியிருந்ததைச் சென்னியப்பன் பார்த்தார். அவர் மனம் நிறைந்துபோயிற்று.

“இதைய ஷாகிராவுக்குக் காட்டிட்டாப் போதுமுங்க அம்மணி. டீ என்ன, ராத்திரிச் சோத்துக்குக்கூட எந்திரிக்க மாட்டா.”

“கணவாய அடைச்சுருங்ணா,” என்றாள் குரு.

தான் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் நினைத்தார்.

“என்னுங்க?”

“பொரிநிலம் பாலைவனந்தானுங்களே.”

“அப்ப இந்த மழை?”

“அதான் பேஞ்சாச்சுங்களே.”

சென்னியப்பனுக்கு வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்ததில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“யாருமே பாக்காத மழைய எதுக்குங்க பேய வெச்சீங்க? சொல்லுங்க அம்மணி. ஒருத்தர் கண்ணுலயும் படப்போறதில்லீன்னா அது பேஞ்சா என்ன, பேயாட்டி என்ன?”

பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குரு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்தவள் இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“மெல்லமா அடைங்ணா,” என்றாள். “ஒரே நாள்ல அடைச்சீங்கன்னா அங்க இருக்கறவங்க தாங்க மாட்டாங்க.”

அந்த ஒரு வார்த்தைதான் சென்னியப்பனை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தது. இல்லாவிட்டால் அன்றைக்கே எலிவேஷன் படத்துக்குத் திரும்பியிருப்பார்.

மெல்லத்தான் அடைத்தார். மலை ஒரு தலைமுறைக்கு ஒரு விரல் என்று வளர்ந்தது. கணவாய் நெருங்கியது. வெள்ளம் ஒரு வருஷம் தாமதமாக வந்தது. இன்னொரு வருஷம் பாதிப் படிதான் ஏறியது. அதற்கப்புறம் படியைத் தொடவே இல்லை. ஆனாலும் புதுவீடு கட்டியவர்கள் வாசலை உயரத்திலேயே வைத்தார்கள், தங்கள் அப்பன் வீட்டு வாசல் அப்படித்தான் இருந்தது என்று. ஓடங்கள் கரையில் காய்ந்து கிடந்தன. மரம் அரிதாகிவிட்ட நாட்டில் ஓடத்தை வீணாக விட யாருக்கு மனசு வரும்? கவிழ்த்து வீட்டுக்குக் கூரையாகப் போட்டார்கள். ஆற்றுப்படுகைதான் சமதரையாக இருந்தது. அதில் நடந்து நடந்து அது பாதையானது. அந்த நாட்டு மனிதர்கள் சந்தித்துக்கொண்டால் இன்னும், “கால் நனைஞ்சுதா?” என்றுதான் கேட்டார்கள். எதற்கு அப்படிக் கேட்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

கடைசியில் ஒரு வளைவில் ஒரே ஒரு குட்டை மிஞ்சியது. அதில் நாலைந்து மீன்கள். சென்னியப்பன் பல நாள் அதை வற்ற விடாமல் வைத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் மூக்கைச் சிந்திக்கொண்டு அதையும் வற்ற விட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில்தான் அடுத்த வருஷத்து ஆடிப்பெருக்கு வந்தது. சரசு காப்பரிசி கிளறி, பூவும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினாள். அந்த வருஷம் ஆற்றில் வெறும் மணல்.

“தண்ணியே இல்லீங்கறாங்க, அங்க போயி என்ன பண்ணுவ?” என்றார் சென்னியப்பன்.

“தண்ணி வரலீன்னா ஆத்துக்குப் போற நாளு இல்லீன்னு ஆயிருமாக்கும்?” என்றாள் சரசு. நல்ல புடவையில் படியிறங்கிப் போனாள்.

சென்னியப்பன் கையிலிருந்த காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். அன்றைக்குப் பொரிநிலத்திலும் அப்படி ஒரு நாள் குறிக்கப்பட்டது.

ஷாகிரா இரண்டாம் முறை நடக்கிற நாள் வந்தது. அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் சென்னியப்பன். பக்கத்தில் குரு நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னும் அந்தக் கல்ல எடுக்கலீங்களாண்ணா?” என்றாள் ஷாகிரா, நுழைந்ததுமே.

சென்னியப்பன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எதிரே ஓர் உப்பு வியாபாரி வந்தான். “கால் நனைஞ்சுதா?” என்று கேட்டான்.

ஷாகிரா சிரித்தாள். “பாலைவனத்துல கேக்கற கேள்வியப் பாரு.”

ஊருக்குள் போனாள். “வாசல ஏன் இத்தன ஒசரத்துல வெச்சிருக்காங்க?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியேறினாள். கீழ்ப்படிகள் மூலை மழுங்கி வழவழவென்று இருந்தன. மேற்படிகள் கூராக இருந்தன. ஷாகிரா ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். வீட்டுக்குள் அண்ணாந்து பார்த்தாள். கூரையின் முதுகெலும்பு போல ஒரு நீண்ட கட்டை, இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் பலகைகள். வெளியே வந்து ஒரு பாறையின் முன் நின்றாள். பாறையின் இடுப்பில், கயிறு தேய்த்துத் தேய்த்து உண்டான பள்ளம் இருந்தது. அந்த ஊரில் எங்கும் அவ்வளவு பெரிய கயிறு இல்லை. ஷாகிரா வழிப்போக்கனின் கையை அந்தப் பள்ளத்தின் மேல் வைத்தாள்.

பிறகு பாதைக்கு இறங்கினாள். அந்தக் கற்களில் ஒன்றைக் குனிந்து எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே போடவில்லை.

அவளுடைய கேலிப் பேச்சு எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. பட்டறையில் ஒவ்வொருவராக எழுந்து வந்து பின்னால் நின்றார்கள்.

பொரிநிலத்தில் அன்று அந்த நாள்.

பாதையில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தது போல விலகிப் போனார்கள். மூட்டை சுமந்தவர்கள் மூட்டையோடு மேடேறினார்கள். ஒருவன் தன் கழுதையை இழுத்துக்கொண்டு ஏறினான். வீடுகளிலிருந்து நல்ல துணி உடுத்தியவர்கள் வந்தார்கள். பாதையின் இரண்டு பக்கத்து மேட்டிலும் ஊர் முழுக்க வரிசையாக நின்றது. எல்லாரும் மலையைப் பார்த்து நின்றார்கள். யாரும் பேசவில்லை. பூதம் வரவில்லை, இசை எழவில்லை, மணல் மேல் காற்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

நீண்ட வெறும் பாதையில் ஷாகிராவின் வழிப்போக்கன் மட்டும் தனியாக நின்றான்.

அவள் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். காலடியில் கிடந்த கற்களைப் பார்த்தாள்.

பிறகு, யாரோ பின்னாலிருந்து துரத்தியது போல விறுவிறுவென்று கரையேறினாள். கழுதைக்காரனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

டீ வந்தது. அவளுடைய மேசையில் வைத்தார்கள். அவள் திரும்பவில்லை. டீ ஆறியது, மேலே ஆடை கட்டியது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் அந்தக் கல்லோடு, அந்த மனிதர்களோடு மனிதராக, அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“தண்ணி எப்பங்ணா வரும்?” என்று கேட்டாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாக.

நாடு பிழைத்துவிட்டது என்பது சென்னியப்பனுக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. குருவின் பக்கம் சாய்ந்தார்.

“அம்மணி, அவளுக்கு ஒரு சொட்டு மழையக்கூடக் காட்டலீங்களே. அங்க ஆறு இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லலீங்களே. வராத தண்ணிக்கு எதுக்குங்க கரையேறி நிக்கறா?”

குரு அவரையும் அவருடைய நாற்காலியையும் பார்த்தாள்.

“தண்ணி வராதுன்னு அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமுங்களே,” என்றாள். “நீங்க எதுக்குங்ணா கால நாக்காலி மேல தூக்கி வெச்சிருக்கீங்க?”

சென்னியப்பன் குனிந்து பார்த்தார்.